வேலிக்குள் போன துவைகல்

சோப்பக்காவுக்கு அடையாள அட்டையில் வேறு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இருபத்திரண்டு வருடமாக ஊர் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்து, சொந்தப் பெயர் சோப்பில் கரைந்துபோயிருந்தது. இருபது கட்டில். நாளொன்றுக்கு இருபது விரிப்பு, இருபது தலையணை உறை, அது போக டாக்டரின் கோட்டு ஒன்று. ஆஸ்பத்திரிக்குத் துவைக்கும் மெஷின் ஒன்று வராமல் இல்லை. வந்த மூன்றாம் வாரம் அது ஒரு சத்தம் போட்டது. அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. பழுது பார்க்க ஆள் அனுப்பச் சொல்லிப் பெரிய சிஸ்டர் எழுதிய கடிதத்துக்கு, வருடத்துக்கு ஒரு தடவை 'பரிசீலனையில் உள்ளது' என்று தவறாமல் பதில் வந்துகொண்டிருந்தது.

அவள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடியது. கரையில் ஒரு கல். முழங்காலுக்கு மேல் உயரம், ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம் போல நீளம், தண்ணீர்ப் பக்கமாகச் சரிந்த முதுகு. அந்தச் சரிவில்தான் அதன் அருமையே இருந்தது. துணியை ஓங்கி அறைந்தால் அழுக்குத் தண்ணீர் தானாக வழிந்து ஓடிவிடும். அறைகிறவள் முகத்தில் தெறிக்காது. யார் போட்ட கல், எப்போது போட்டது என்று சோப்பக்கா ஒரு நாளும் யோசித்ததில்லை. சுவாசிக்கிற காற்றைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

வீட்டுக்காரர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் மக்கர் பண்ணியதால் வேலையை விட்டு வந்து மூன்று வருடமாக வீட்டில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பையையும் டிக்கெட் மெஷினையும் டெப்போவில் ஒப்படைத்தவர், விசிலை மட்டும் எப்படியோ மறந்துவிட்டார். ஊரில் அவருக்குப் பெயரே 'விசில்'.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் வாய்க்கால் கரையில் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் பாரம்பரியத் துறை அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை. கையில் ஒரு வண்ணக் காகிதம், ஏழு மடிப்பு. 'ஏழு நூற்றாண்டுகள், ஏழு சின்னங்கள், ஒரே நாளில்' என்று தலைப்புப் போட்டுப் பத்தாயிரம் பிரதி அடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அவர் சின்னங்களைத் தேடக் கிளம்பியிருந்தார். மூன்று மாதம் அலைந்து ஆறு கிடைத்திருந்தது. ஒரு கோட்டை: அதில் வாசல் தூண் ஒன்று மிச்சம். ஒரு போர்க்களம்: இப்போது அது வெங்காயத் தோட்டம். இளவரசன் ஒளிந்திருந்த கிணறு ஒன்று: எட்டிப் பார்த்தால் ஒரு கோழிகூட ஒளிய முடியாது. நதி திசை மாறிப் போனபின் தரையில் தனியே நிற்கிற பாலம். பழைய சுங்கச்சாவடி: உள்ளே ஒருவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். தளபதி ஒருவர் நிழலில் தூங்கிய மரம்: அது காற்றில் விழுந்துவிட்டதால் அதன் பக்கத்து மரம். ஏழாவது மடிப்பு மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரே மாதம்.

அன்றைக்கு அவர் தேடி வந்தது என்னவோ இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு மண்மேட்டை. போனைக் கையில் உயர்த்திப் பிடித்து, சிக்னல் எங்கே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்.

"சார், பாத்து! சோப்புத் தண்ணி..." என்று சோப்பக்கா சொல்லி முடிப்பதற்குள் மனிதர் தொபுக்கடீர் என்று விழுந்தார். கால் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். கன்னம் நேராகத் துவைகல்லின் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்தில் நாள்பட்ட பாசி படர்ந்திருந்தது. அவர் கன்னம் உரசியதில் ஒரு சாண் அளவுக்குப் பாசி வழித்துக்கொண்டு வந்தது.

"ஐயையோ, எந்திரிங்க சார். முட்டியில ரத்தம் வருது."

அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணைக் கல்லுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு விரலால் தடவினார்.

"அக்கா," என்றார். "இதுல எழுத்து இருக்கு."

"இருந்துட்டுப் போகுது சார். கையைக் கொடுங்க, தூக்கி விடறேன்."

"கிட்ட வராதீங்க!" என்று கத்தினார் அதிகாரி. "யாரும் கல்லைத் தொடாதீங்க!"

சோப்பக்கா கையில் பாதி பிழிந்த விரிப்போடு நின்றாள். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை தொட்ட கல் அது. அதைத் தொடாதே என்று இப்போதுதான் வந்து விழுந்து கிடக்கிற ஒருவர் சொல்கிறார். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்திருக்கக் கூடாது என்று பின்னால் தோன்றியது.

ஒன்பதே நாளில் வேலி வந்துவிட்டது. மெஷினுக்கு ஒரு திருகாணி மாட்ட வருடக்கணக்கில் பரிசீலிக்கும் அரசாங்கம், கல்லைச் சுற்றிக் கம்பி வேலி, இரும்புக் கதவு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு எல்லாவற்றையும் ஒன்பது நாளில் கொண்டுவந்து இறக்கியது. வாய்க்கால் கரை அரசாங்க நிலம், அதனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கூடவே ஒரு பலகை: 'அரசி நீதி வழங்கிய இருக்கை.'

"எந்த ராணி சார்?" என்று கேட்டாள் சோப்பக்கா.

"ஆராய்ச்சி நடந்துட்டிருக்கு."

"அந்தச் சரிவுல உக்காந்திருந்தா நீதி சொல்றதுக்குள்ள வாய்க்கால்ல போய் விழுந்திருப்பாங்களே."

அதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு ஒரு கவலை இருந்தது. ஒவ்வொரு சின்னத்துக்கும் உள்ளூர் ஆள் ஒருவரைக் காவலுக்குப் போட வேண்டும் என்பது விதி. சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டுப் பின்வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த விசில் கண்ணில் பட்டார். கழுத்தில் விசில் தொங்கியது.

"விசிலும் வச்சிருக்கீங்களா?" என்றார் அதிகாரி. நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

மறுவாரம் காக்கி உடுப்பு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது விசிலுக்குப் பத்து வயது குறைந்திருந்தது. முழங்கால் வலிகூட எங்கோ போய்விட்டது. சோப்பக்காவும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள் என்பதை மறைப்பானேன். மூன்று வருடமாக நாற்காலியோடு நாற்காலியாக இருந்த மனிதர் காலையில் தானே எழுந்து சவரம் பண்ணிக்கொள்வதைப் பார்க்க எந்த மனைவிக்குத்தான் கசக்கும்?

மறுநாள் காலையில் விரிப்பு மூட்டையோடு அவள் வாய்க்கால் கரைக்குப் போனாள். இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. வெளியே காக்கி உடுப்பில் வீட்டுக்காரர்.

"கதவைத் திறங்க."

"பார்வை நேரம் பத்துல இருந்து அஞ்சு வரைக்கும்."

"நான் பாக்க வரலைங்க. துவைக்க வந்திருக்கேன்."

"அதுக்கு நேரம் ஒண்ணும் போடலையே," என்றார் விசில், தாளைப் புரட்டிப் பார்த்து. நிஜமாகவே தேடினார்.

"விளையாடாதீங்க. ஆஸ்பத்திரித் துணி. பத்து மணிக்குள்ள காயப்போடணும்."

"இங்க பாரு, வீடு வேற, டூட்டி வேற. நாளைக்கு யாராவது எழுதிப் போட்டா என் வேலை போயிடும்."

சோப்பக்கா மூட்டையை வேலிக்கு மேல் தூக்கி உள்ளே போடப் பார்த்தாள். விசில் தன்னையறியாமல் விசிலை எடுத்து ஓங்கி ஊதிவிட்டார். முப்பது வருடப் பழக்கத்தில் அடுத்ததாக 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்று வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளையாகக் கடித்து விழுங்கிவிட்டார்.

கட்டிய மனைவியைப் பார்த்து விசில் ஊதியவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். சோப்பக்கா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு வீட்டுக் கொல்லையில், சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து துவைத்தாள். தண்ணீரை வாய்க்காலிலிருந்து வாளி வாளியாகச் சுமக்க வேண்டியிருந்தது. தரையில் சரிவு இல்லை. பிழிந்த அழுக்கு அங்கேயே குளமாகத் தேங்கி மறுபடியும் துணியில் ஏறிக்கொண்டது. இரண்டு வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. விரிப்புகள் மேகம் மூடிய நிறத்துக்கு வந்தன. பெரிய சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏன்க்கா இப்படி? இந்த விரிப்புல படுக்கறதைவிட வீட்டுக்கே போயிடறேங்கறார் ஏழாம் நம்பர் கட்டில்."

"என் கல்லு வேலிக்குள்ள போயிடுச்சு சிஸ்டர்."

"புண்ணோட படுத்திருக்கறவங்க பாதிப் பேர். ஏதாவது வழி பண்ணுங்கக்கா."

சுற்றுலா பஸ் மட்டும் ஜோராக ஓடியது. செவ்வாயும் சனியும் காலை பதினொரு மணிக்கு, தூணையும் வெங்காயத்தையும் பார்த்துவிட்டு நாற்பது பேர் வந்து இறங்குவார்கள். அதிகாரி ஒலிபெருக்கியில் ராணியின் நீதியைப் பற்றிச் சொல்வார். வாரா வாரம் தீர்ப்புகள் கூடிக்கொண்டே போயின. ஜனங்கள் வேலியைப் படம் எடுப்பார்கள், வேலியோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், எல்லோரையும் பார்த்து விசில் ஊதுவார். பத்து நிமிடத்தில் பஸ் தளபதியின் பக்கத்து மரத்துக்குக் கிளம்பிவிடும்.

எழுத்தைப் படிக்கத் துறைக்கு ஆள் தேவைப்பட்டது. கல்லூரியில் பழைய எழுத்து படித்த பெண் ஒருத்தியை அனுப்பிவைத்தார்கள். முதுகில் பை, தலையில் தொப்பி, அதிகம் பேசாத பெண். வேலிக்குள் போய்ப் பாசியைச் சுரண்டினாள். கல்லின் பக்கவாட்டை ஈரமாக்கி, நனைத்த காகிதத்தை ஒட்டி, தட்டையான பிரஷ்ஷால் பட்பட்டென்று அறைந்தாள்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த சோப்பக்கா, "என்ன பொண்ணு, நீயும் துவைக்கத்தானே செய்யற?" என்றாள்.

அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். இரண்டு நாள் வேலை. இரண்டு நாளும் சோப்பக்கா வீட்டில்தான் சாப்பாடு. இரண்டாம் நாள் சாயங்காலம், மை ஒற்றி எடுத்த காகிதத்தைச் சமையலறைத் தரையில் விரித்து வைத்து வரி வரியாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

"அக்கா, இது சிம்மாசனம் இல்ல."

"அதை நான் அன்னைக்கே சொன்னேன்."

"இது துவைக்கிற கல்லு."

"அதையும்தான் சொன்னேன்."

"இல்லக்கா, அப்படின்னு கல்லுலயே எழுதியிருக்கு. கேளுங்க." அவள் விரலை வைத்துப் படித்தாள்: "'இக்கல் இவ்வழி வருவார் எல்லாரும் தம் அழுக்குத் துணி துவைத்துக்கொள்ள இட்டது. இதில் துவைக்க வந்தாரைத் தடுத்தார் துவையாத துணி உடுத்து, துவையாத துணியிலே கிடந்து, துவையாத துணியோடே போவார்.'"

சோப்பக்கா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது தடவை கூடவே சொன்னாள். அடுத்த அறையில் உடுப்பின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த விசில், பாதியில் நிறுத்திவிட்டார்.

மறுநாளே சோப்பக்கா பஸ் ஏறி நகரத்துக்குப் போய்ப் பாரம்பரியத் துறை அலுவலகத்தில் அதிகாரியின் மேஜை முன்னால் நின்றாள். கல்வெட்டுப் பெண் அழகாக எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினாள். அதிகாரி படித்துவிட்டு முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"அற்புதம்! சாபத்தோட ஒரு கல்வெட்டு! ராணியைவிட இது நல்லா ஓடும்."

"அப்ப கதவைத் திறந்து விடுவீங்கதானே சார்?"

"எதுக்கு?"

"துவைக்கத்தான். யாரையும் தடுக்கக் கூடாதுன்னு கல்லே சொல்லுதே."

அதிகாரி பொறுமையாக நாற்காலியில் சாய்ந்தார். குழந்தைக்குப் பாடம் சொல்கிற குரலில், "அக்கா, நல்லாப் புரிஞ்சுக்கணும். நாங்க பாதுகாக்கறது கல்லை. கல்லு சொல்றதை இல்ல" என்றார்.

சோப்பக்கா காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது; ஆனால் வரவில்லை. எழுதி வைத்தவள் அல்லது எழுதி வைத்தவன், எதிர்காலத்தில் இப்படி ஒரு மனிதர் வருவார் என்று முன்கூட்டியே தெரிந்துதான் எழுதியிருக்க வேண்டும். தெரிந்தும் என்ன பிரயோஜனம்? அவர் படித்துவிட்டு அற்புதம் என்கிறார்.

அடுத்த வாரம் ராணி இறங்கினாள், புதுப் பலகை ஏறியது. கதவை விடப் பெரிய பலகை. கல்வெட்டின் வாசகம் முழுவதும், சாபம் மட்டும் சிவப்பு எழுத்தில். அதற்குக் கீழே சின்னதாக: 'உள்ளே நுழையவோ துவைக்கவோ அனுமதி இல்லை.' பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவதும் காவலரின் பொறுப்பு என்று உத்தரவு வந்தது. விசிலுக்குக் குரல் வளம் உண்டு. முப்பது வருடம் ஊர்ப் பெயர்களைக் கூவியவர். ஆனால் 'தடுத்தார்' என்கிற இடத்துக்கு வரும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

ஒரு சனிக்கிழமை, பஸ்ஸில் வந்த வயதான அம்மா ஒருத்தி வாசகத்தைக் கேட்டுவிட்டு அப்பாவியாகக் கேட்டாள்: "அப்ப இதுல துவைக்க வர்றவங்களைத் தடுக்கறது யாருங்க?"

நாற்பது பேரும் திரும்பி விசிலைப் பார்த்தார்கள். அவர் உடுப்பைப் பார்த்தார்கள். அவர் பூட்டைப் பார்த்தார்.

சோப்பக்காவும் அதைக் கொல்லையிலிருந்து கேட்டாள். கையில் அவருடைய காக்கிச் சட்டை நுரையோடு இருந்தது. ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு அதைப் பிழியாமல் கொள்ளாமல் கொடியில் அப்படியே போட்டாள்.

மறுநாள் காலையில் விசில் சட்டையை எடுத்துப் பார்த்தார். நுரை காய்ந்து விறைத்து நின்றது.

"என்னது இது? அலசவே இல்லையா?"

"இனிமே அதைத் துவைக்கறதா இல்லைங்க."

"ஏன்?"

"கல்லு சொன்னது நடக்கணும்ல? நான் எதுவும் பண்ணல. கூடமாட ஒத்தாசை பண்றேன், அவ்வளவுதான். உங்களுக்குத்தான் வீடு வேற, டூட்டி வேறயாச்சே. இது டூட்டித் துணி."

விசிலுக்குத் துவைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. முயற்சி செய்து பார்த்ததில்லை. அன்று முயன்று பார்த்தார். சோப்பு ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். ஒரு வாரத்தில் உடுப்பு தானாகவே நிற்கும் நிலைக்கு வந்தது. இரண்டாம் வாரம், பஸ்ஸில் வந்தவர்கள் அவரிடமிருந்து இரண்டடி தள்ளி நின்று சாபத்தைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். 'நேர்ல பாத்தோம், பலிச்சிருக்கு' என்று ஒருவர் போனில் யாரிடமோ சொன்னார். அடுத்த தடவை இரண்டு பஸ் வந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் பெரிய சிஸ்டர் நேரிலேயே வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பழுப்பு விரிப்பு. விசிலின் முன்னால் நின்று பலகையை முழுசாகப் படித்தார். பிறகு விரிப்பை விரித்துக் காட்டினார்.

"நேத்து ஒரு அம்மாவுக்குக் குழந்தை பொறந்துச்சு. படுக்க வைக்க இதுதான் இருந்துச்சு. உங்க வீட்டம்மாவைக் குறை சொல்லல. அவங்க இடுப்பை ஒடிச்சுக்கிட்டுத்தான் துவைக்கறாங்க."

அவர் சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் விசில் விசிலை ஊதி அனுப்பியிருப்பார். சிஸ்டர் விரிப்பை மடித்துக்கொண்டு போன பிறகு அவர் வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாப்பிடும்போது, "இடுப்பு வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றார்.

"பார்வை நேரத்துல வந்து சொல்லணுமோன்னு நெனச்சேன்" என்றாள் சோப்பக்கா.

மறுநாள் விசில் சாவியை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் பஸ் ஏறினார். பஸ்ஸில் பக்கத்து சீட் கடைசி வரைக்கும் காலியாகவே இருந்தது.

அதிகாரியின் அறைக்குள் போய்ச் சாவியை மேஜையில் வைக்கப் போனார்.

"சார், எனக்கு இந்த வேலை வேணாம். சாவியை வாங்கிக்குங்க."

"வைக்காதீங்க!" அதிகாரி நாற்காலியோடு பின்னுக்குப் போனார். "மேஜையில வைக்காதீங்க! கையிலயே வச்சிருங்க."

"ஏன் சார்?"

அதிகாரி இருமினார். "சாவி கொடுக்கறதுக்குப் படிவம் இருக்கு. திரும்ப வாங்கறதுக்குப் படிவம் இல்ல. நான் வாங்கிட்டா இப்ப பூட்டினது நான்னு ஆயிடும். அதாவது, பொறுப்பு. சட்டப்படி." அவர் தன் சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். "நான் இந்தச் சாபமெல்லாம் நம்பறவன் இல்ல, தெரியுமா? ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. கிளார்க்குகிட்ட கொடுங்க."

கிளார்க் புதுச் சட்டை போட்டிருந்தார். மகள் நிச்சயதார்த்தத்துக்கு மாலையில் போக வேண்டுமாம். தன் பிரிவில் காகிதம் மட்டும்தான் வாங்குவார்கள், சாவி காகிதம் இல்லை என்றார். காகிதத்தில் சுற்றித் தரட்டுமா என்று விசில் கேட்டார். வேண்டாம் என்று கிளார்க் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஸ்டோரில் இருந்தவர், பூட்டோடு சேர்த்துத் தந்தால்தான் சாவி வாங்க முடியும் என்றார். பூட்டைக் கழற்றினால் சின்னம் பாதுகாப்பில்லாமல் போய்விடும், அதனால் கழற்றவும் கூடாது. ஜீப் டிரைவரிடம் நீட்டினார். அவர் ஜீப்பை ஸ்டார்ட் செய்தார்.

மத்தியானம் வரைக்கும் அந்தச் சாவி அந்தக் கட்டடத்தின் இரண்டு மாடியும் ஏறி இறங்கியது. ஒருவரும் சாபத்தில் நம்பிக்கை இருப்பதாகச் சொல்லவில்லை. எல்லோரிடமும் ஒரு விதி இருந்தது. கடைசியில் அதிகாரி, அறைக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, எழுத்து மூலமாக ஓர் உத்தரவை நீட்டினார்: 'சாவி காவலர் வசமே இருக்கட்டும். காவலர் எவரையும் தடுக்கக் கூடாது. எனினும் எவரும் உள்ளே செல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.'

விசில் அதைப் பஸ்ஸில் இரண்டு தடவை படித்தார். டிக்கெட்டைக் கிழிக்கப் போகிற மாதிரி நடுவில் மடித்தார். 'தடுக்கக் கூடாது' வரைக்கும் உள்ள முதல் பாதியை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

மறுநாள் விடிந்ததும் சோப்பக்கா வாளியோடு கொல்லைக்குப் போனாள். சிமெண்டுத் தரையில் விரிப்பு மூட்டையைக் காணோம். எட்டிப் பார்த்தாள். வாய்க்கால் கரையில் இரும்புக் கதவு அகலத் திறந்து கிடந்தது. கல்லின் பக்கத்தில் மூட்டை. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்காலிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டு கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பார்வை நேரம் இன்னும் வரலையே?" என்றாள்.

"வாடி பேசாம."

அவள் முதலில் எடுத்தது அந்தக் காக்கிச் சட்டையைத்தான். ஓங்கி ஓர் அறை. இரண்டு வாரத்து அழுக்கு கரு கருவென்று சரிவில் வழிந்து ஓடியது. கல்லின் அந்தப் பழைய சத்தம், அடிக்கு அடி, எதிர்க் கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இடுப்பு வலி இருக்கத்தான் செய்தது. ஆனால் நின்றபடி வலிப்பதற்கும் குந்தியபடி வலிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பத்து மணிக்கு இருபது விரிப்பும் கொடியில் வெள்ளையாக ஆடின. பெரிய சிஸ்டர் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, சோப்பக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை பஸ் வந்தது. அதிகாரி ஒலிபெருக்கியோடு இறங்கினார். திறந்த கதவைப் பார்த்தார், அறைந்துகொண்டிருந்த சோப்பக்காவைப் பார்த்தார், வாயைத் திறந்தார். தடுக்க வேண்டும். தடுக்க வேண்டுமானால் 'நிறுத்துங்க' என்று சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னவர் அவர்தான். நாற்பது பேர் சாட்சி. அவர் தன் வெள்ளைச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டு ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனார்.

"இது, வாழும் பாரம்பரியம்!"

ஜனங்கள் கை தட்டினார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தெறிக்கும்" என்றாள் சோப்பக்கா. முன்பு கேள்வி கேட்டவளைப் போலவே வயதான ஓர் அம்மா, பையிலிருந்து கசங்கிய கைக்குட்டையை எடுத்து, "நானும் ஒரு தடவை அடிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். சோப்பக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். அதற்கப்புறம் வரிசை நின்றது. விசில் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்றார், இந்தத் தடவை வாய் நிறைய.

மழைக்காலம் முடியும் சமயத்தில் கல்வெட்டுப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. சோப்பக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். கல்லின் அடிப்பக்கம் இன்னும் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. மை ஒற்றி எடுத்த காகிதத்தின் ஓரத்தைப் பார்த்தால் கீழே இன்னும் இரண்டு வரி இருக்கும் போலத் தெரிகிறது. பெரும்பாலும் கல்லை வைத்தது யார் என்ற விவரமாகத்தான் இருக்கும். தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டுத் துறைக்கு எழுதலாமா? உங்களைக் கேட்காமல் எழுத மனசு வரவில்லை, அக்கா.

சோப்பக்கா கடிதத்தை அடுப்படியில் இரண்டு நாள் வைத்திருந்தாள். தெரிந்துகொள்ள அவளுக்கும் ஆசைதான். இவ்வளவு சரியான சரிவு பார்த்துக் கல்லைப் போட்டவள் நிச்சயமாகத் துவைத்தவளாகத்தான் இருப்பாள். அவளுக்கு எத்தனை பேர் துணியோ, யார் வந்து குறுக்கே நின்றார்களோ, கோபத்தில் உளிக்காரனைக் கூட்டிவந்து எழுதச் சொல்லியிருக்கிறாள். பெயர் தெரிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் பெயர் தெரிந்த அன்றே அந்தப் பெயரில் ஒரு பலகை வரும். பலகைக்கு ஒரு வேலி வரும். வேலிக்கு ஒரு பூட்டு.

மூன்றாம் நாள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பதில் எழுதச் சொன்னாள்.

"அன்புள்ள பொண்ணுக்கு. இங்க எல்லாரும் சௌக்கியம். நீ சாப்பிடறது போதாது, நல்லாச் சாப்பிடு. கல்லுக்குக் கீழே இருக்கறது அங்கயே இருக்கட்டும். துறைக்கு எழுதாதே. லீவு கிடைச்சா வா, வரும்போது அழுக்குத் துணி இருந்தா எடுத்துட்டு வா."

விசில் எழுதி முடித்து, "வேற?" என்றார்.

"அவ்வளவுதான். ஒட்டுங்க," என்று சொல்லிவிட்டு அவள் வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள்.